சுவர்ப்பக்கம் திரும்பி விழுங்கிய மாத்திரை

எங்கள் ராஜபாளையம் நூல் மில்லில் மருந்து அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கம்பவுண்டர். ஒல்லி உடம்பு, தினமும் சவரம் செய்த முகம். பத்து மணி டீ வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு ரோஸ் மாத்திரையை விழுங்குவார். சர்க்கரை வியாதி போல என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் என் மெஷினில் இழை அறுந்தால் ஒட்டத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நிற்பேன். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் தெரியாது. அழுகையும் வரவில்லை. சோம்பேறி, வேலை போய்விடும் என்றார் மேஸ்திரி. தலைவலி என்று சொல்லி தினமும் கம்பவுண்டரிடம் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அவர் மாத்திரை தராமல் கேட்டார். "தலை எந்தப் பக்கம் வலிக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "வலிக்கலை சார்."

"எம்புட்டு நாளா இப்படி இருக்க?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து."

"அழுதுக்கிட்டே இருக்கிறவனும் உண்டு, உன்னைப்போல ஒண்ணுமே தோணாதவனும் உண்டு. ரெண்டும் மனசுக்கு வார சீக்குதான் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை இதுக்குன்னு ஒரு டாக்டர் வாராரு. என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லு."

போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதித் தந்ததும் அதே ரோஸ் மாத்திரைதான்.

மறுநாள் டீ வந்ததும் கம்பவுண்டர் எதிரே உட்கார்ந்து என் மாத்திரையைப் பிரித்தேன். அன்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.