மூன்று வேளைக் கறவை

சின்னியம்பாளையத்தில் சாந்தாமணிக்கு மாடு விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்று வேளை கறந்து பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டாள். விற்கிறவன் முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்க வைத்திருப்பான் என்பது அவள் கணக்கு. அதனால் அவன் ஊரிலேயே தங்கி, சாயங்காலம், காலை, மறுபடி சாயங்காலம் என்று தன் கையால் கறந்து அளந்த பிறகுதான் கயிற்றைப் பிடிப்பாள். புருஷன் போன பிறகு ஆறு மாடுகளை வைத்து மகளை இன்ஜினியரிங் வரை கொண்டுவந்தவள். சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அந்த ஆறில் மூன்று மலடாக இருந்திருக்கும் என்பாள். அதில் பொய்யும் இல்லை.

தொண்ணூற்றெட்டு தை மாதம் மகள் வளர்மதி லேப்டாப் கேட்டாள். பீளமேட்டுக் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு மோட்டார் பம்பைக் கம்ப்யூட்டரில் முழுசாக வரைந்து மாசிக் கடைசிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாஸ் கிடையாது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் வாரத்துக்கு இரண்டு மணி நேரந்தான் முறை வரும். தோட்டத்து வீட்டிலோ கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, போனால் வரைந்ததும் கூடவே போய்விடும். ஆகவே பேட்டரி உள்ளதுதான் வேண்டும். புதுசின் விலையைக் கேட்டதும் சாந்தாமணி காதைப் பொத்திக்கொண்டாள். பழசு தேடிக் கிளம்பினார்கள்.

போத்தனூரில் யூனுஸ் என்பவர் சிங்கப்பூரிலிருந்து வரும் பழைய லேப்டாப்புகளை வீட்டில் வைத்து விற்றார். ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

“ஏனுங்கக்கா, மொதல்லயே சொல்லிப்போடறேன். பேட்டரி முக்கா மணி நேரந்தான் நிக்கும். மத்தபடி மெமரி நெறைய இருக்குதுங்க, பாப்பா வரையற படத்தைத் தாங்கும்.”

சாந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டாள். சின்னக் குறையை வாய்விட்டுச் சொல்கிறவன் பெரிய குறையை மறைக்கிறான். கறந்து பார்த்து வாங்கத் தெரியாத காலத்தில் அந்தியூர்ச் சந்தையில் ஒருவன் அப்படித்தான், “கொம்பு கொஞ்சம் கோணலுங்க” என்று பவ்யமாகச் சொல்லி, ஒரு காம்பில் பாலே வராத மாட்டை அவள் தலையில் கட்டினான். வளர்மதி பஸ்ஸில் அழுதாள். அழுதால் அழட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்தது காந்திபுரத்தில் ஒரு ஏசி கடை. கடைக்காரர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குறை என்ன என்று கேட்டதற்கு, “நம்ம கடையிலயா? குறையா?” என்று சிரித்தார். மூன்று வேளை பார்க்க வேண்டும் என்றபோதும் முகம் சுளிக்கவில்லை. காலையில் அவர் தட்டியதும் திரையில் ஒரு சிவப்புக் கார் சுழன்றது. மத்தியானமும் சுழன்றது. இதையே முடித்துவிடலாம் என்று சாந்தாமணிக்குத் தோன்றிவிட்டது. சாயங்காலமும் கார் சுழன்ற பிறகு, வளர்மதி பையிலிருந்து தன் பம்புப் படம் உள்ள ஃப்ளாப்பியை எடுத்தாள். கடைக்காரர் பாய்ந்து கையை மறித்தார்.

“வெளி ஃப்ளாப்பி போடாதீங்க அம்மணி, வைரஸ் வந்துரும்!”

மடியில் கை வைக்கவிடாத வியாபாரியைச் சாந்தாமணி பார்த்திருக்கிறாள். “போடு கண்ணு,” என்றாள்.

பம்பு பாதி வந்தது. அப்புறம் கடைக்காரர் எத்தனை தட்டியும் திரை அசையவில்லை. வளர்மதி கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து நிமிஷம் ஆகியிருந்தது. “மெமரி பத்தலைம்மா,” என்றாள். சாந்தாமணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மூன்று வேளையும் கறந்தது அந்த ஆள் கை, தான் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறோம்!

மறுநாள் மறுபடி போத்தனூர். கெடுவுக்கு இருபதே நாள். “மூணு வேளை ஓட்டிப் பாக்கோணுங்க பாய்,” என்றாள் விறைப்பாக.

யூனுஸ் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து நீட்டினார். “ஊட்டுக்கே கொண்டுபோய்ப் பாருங்கக்கா. சரியா இருந்தாப் பணம் குடுங்க.”

இதுவரை ஒருத்தனும் பணம் வாங்காமல் மாட்டை அவிழ்த்துவிட்டதில்லை. திருட்டுச் சாமானாக இருக்குமோ? வழியெல்லாம் பையை மடியில் இறுக்கிக்கொண்டு இதையே யோசித்தாள்.

வீட்டில் பம்பு முழுசாகத் திரையில் வந்தது. வளர்மதி அதைத் திருப்பினாள், வெட்டினாள், மறுபடி சேர்த்தாள். நாலரைக்குக் கரண்ட் போனது. விசிறி நின்றது, திரை மட்டும் நிற்கவில்லை. சாந்தாமணி டைம்பீஸை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடுகள் கறவைக்குக் கத்தின. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எழுந்து போகவில்லை. பாதியில் அணையும், போய் அந்த ஆளை ஒரு வாங்கு வாங்கலாம் என்று காத்திருந்தாள்.

ஐந்தேகாலுக்குத் திரை இருண்டது.

“சேவ் பண்ணிட்டேம்மா,” என்றாள் வளர்மதி.

சாந்தாமணி டைம்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக முக்கால் மணி நேரம். இருபது வருஷத்தில் அவளுக்கு விற்ற ஒரு மாடும் விற்றவன் சொன்ன அளவு கறந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு வேளை பாக்கி இருக்குதேம்மா?”

“போதுங் கண்ணு,” என்று பால் சொம்பை எடுத்தாள். “காலைல மொத பஸ்ஸுல போயிப் பணத்தைக் குடுத்துப்போட்டு வாரேன். அன்னிக்கு அந்த மனுசங்கிட்ட மூஞ்சியத் திருப்பிட்டு வந்தேனே, அதையும் சொல்லோணும்.”