அழகம்மாவின் படம்

நாகலெட்சுமிக்குச் சுலபத்தில் கோபம் வராது. மலையகத்தில் நோர்வூட் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்களிடம் ஒன்பது வருடமாகப் படுக்கை விரித்து, கக்கூஸ் கழுவி, கேட்டதையெல்லாம் விழுங்கிப் பழகியவள். கோபம் வந்துவிட்டால் மட்டும் யார் எவர் என்று பார்க்க மாட்டாள்.

சாப்பாட்டு மண்டபச் சுவருக்குத் தோட்டத்து ஆட்களின் பழைய படங்கள் வேண்டுமென்று மேனேஜர் நிரஞ்சன் கேட்டபோது, வீட்டிலிருந்த ஒரே படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய அம்மா அழகம்மாவின் படம். இந்த மண்ணிலேயே பிறந்து, நாற்பது வருடம் கொழுந்து பறித்தும், எந்த நாட்டுக்காரி என்று சொல்ல ஒரு காகிதமில்லாமல் கிடந்தவள் அழகம்மா. ஐம்பத்தெட்டாவது வயதில் பிரஜாவுரிமை கிடைத்ததும், அடையாள அட்டைக்காகப் பக்கத்து லயத்து வீட்டில் தோடு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு டவுன் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாள். அவள் செத்த பிறகு அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, விளக்கு வைத்துக் கும்பிட்டார்கள். அம்மா துரை பங்களாவில் இருக்கப்போகிறாள் என்று மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் தூசி தட்டப் போனவள், படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கூலிப் பெண். அவ்வளவுதான். பேர் இல்லை.

அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. வேலைக்குக் கையில் தருவதை நாம் கூலி என்போம். வெள்ளைக்காரன் வேலை செய்கிறவளையே அப்படிக் கூப்பிட்டான். மூட்டையோடு மூட்டையாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்குப் பேர் எதற்கு? அவன் போய் எத்தனையோ வருடமாகியும் அவன் வாய் மட்டும் இன்னும் போய்த் தொலையவில்லை.

நேரே நிரஞ்சனிடம் போய், அம்மாவின் பேரைப் போடச் சொன்னாள். அது சரித்திரச் சொல், வருகிறவர்கள் அதைத்தான் ரசிக்கிறார்கள், நம் தமிழிலிருந்து போனதுதானே என்று அவன் பாடம் நடத்தினான். இத்தனைக்கும் அவனும் ராகலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் பிள்ளைதான்.

"பேரெல்லாம் யாருக்கக்கா வேணும்?" என்றான்.

அவள் சாப்பாட்டு மண்டபத்துக்கு நடந்தாள். விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தை இறக்கினாள். சட்டமும் தகடும் ஹோட்டலுடையவை, கை வைத்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பின்னாலேயே வந்த நிரஞ்சன் சீறினான். படத்தை மட்டும் பின்பக்கமாக உருவி எடுத்துக்கொண்டு, வெற்றுச் சட்டத்தைப் பழையபடி அந்தத் தகட்டுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். அதுவரை அவனை 'சார்' என்றே கூப்பிட்டு வந்தவள் அவள்.

"பேரு வேணாம்னா சரி தம்பி," என்றாள். "ஒங்கம்மா படத்தக் கொண்டாந்து இதுல மாட்டுங்க."