மிளகு மிதித்த கால்

கோழிக்குஞ்சு ஒரு காலைத் தூக்கி வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு தூங்குவது வழக்கம்தான். அதனால் அன்று மதியம் கூடைக்குள் அது அப்படி நின்றதைப் பார்த்து என் மனைவி செல்விக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எனக்குத் தெரியும், அது தூங்கவில்லை. அந்தக் காலை ஊன்ற முடியாமல் நிற்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்பு அதை மிதித்தவன் நான்தான்.

வீட்டில் குஞ்சோ குட்டியோ கால் ஒடிந்து கிடக்க, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்த வைத்தியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் விட்டால் வைத்தியத்தில் பாதி விட்டுப்போகும்.

தை மாதம், மிளகுப் பறிப்பு. மலைமேல் எங்கள் ஊரான பைல் நாட்டில், பறித்த கதிர்களைத் தார்ப்பாயில் குவித்து, மேலே ஏறிக் காலால் மிதித்து மணியை உதிர்ப்போம். பாத வெடிப்பில் சாறு இறங்கினால் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறும். வருடா வருடம் இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டே மிதிப்போம். இந்த வருடம் நான் மட்டும். செல்விக்குக் கார்த்திகையில் கருப்பையை நீக்க அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். தண்ணீர்க்குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டோடு கிடந்தவளுக்குத் துணை அந்தக் குஞ்சு. தாய்க்கோழியையும் மற்ற குஞ்சுகளையும் கீரி கொண்டுபோய்விட்டது. மீந்த இந்த ஒன்று அவள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு திரியும். அவளும் "வா சாமி, வா கண்ணு" என்று நாள் முழுக்க அதனோடு பேசுவாள்.

எனக்கு எரிச்சல். வெட்கத்தை விட்டே சொல்கிறேன், வயிற்றில் தையலோடு படுத்திருப்பவள் மேல் எரிச்சல். நான் ஒருத்தனாய்க் கிடந்து சாகிறேன், இவள் குஞ்சைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, குஞ்சு அந்தப் பக்கம் வருது. பாத்து மிதிங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ படு."

சொன்ன வேகத்தில் ஓங்கி மிதித்தேன். கதிருக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. குவியலுக்குள் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த குஞ்சின் மேல் கால் விழுந்தது. அடியில் கதிர் மெத்தென்று இருந்ததால் உயிர் தப்பியது. எடுத்துக் கூடையில் போட்டு மூடிவிட்டு மறுபடியும் மிதிக்கப் போனேன்.

சாயங்காலம் தீனி வைத்தபோது குஞ்சு இரண்டு எட்டு வைத்துச் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, என்னாச்சுங்க இதுக்கு?"

எங்கள் நாய் மணி வாசலில் படுத்திருந்தது. "மணி கவ்விருச்சு" என்றேன். சொன்னதோடு நிறுத்தவில்லை. பொய்க்கு வலுச் சேர்க்க ஒரு குச்சியை எடுத்து மணியை இரண்டு போட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டே அடி வாங்கியது. மறுநாள் செல்வியின் அண்ணன் வேனில் வந்திருந்தார். "குஞ்சு தேறற வரைக்கும் இந்த நாய் இங்க வேண்டாம்ண்ணா" என்று அவள் சொல்ல, மணியைத் தன் ஊரான வளப்பூர் நாட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். வேனில் ஏற்றிவிட்டவனும் நான்தான்.

டாக்டரிடம் போகலாம் என்றாள் செல்வி. போனால் எப்படி ஆச்சு என்று கேட்பார்களே. அதற்குப் பயந்து, "இதுக்கெல்லாமா டாக்டரு? நானே கட்டு போட்டுடறேன்" என்றேன். உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, காலைச் சுற்றி இறுக்கினேன். கன்றுக்குட்டிக்கு இந்தக் கட்டைப் போட்டு நான் பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சித் தடிமன் உள்ள காலுக்கும் அதே இறுக்கம் கொடுத்தேன். காய்ந்ததும் அது கல்லாகிவிட்டது.

நான்காம் நாள் விரல்கள் கறுத்தன. அப்போதுதான் போனோம்.

கால்நடை மருந்தக வராந்தாவில் ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்கும் நடுவே அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். செல்வி பெட்டியை மடியில் வைத்திருந்தாள். டாக்டரம்மா வெதுவெதுப்பான நீரில் கட்டை ஊறவைத்து, கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். இரண்டு விரல்களில் திசு அழுகல் (இரத்தம் போகாமல் சதை செத்துப்போவது) என்றார். அந்த இரண்டும் தேறாது. எலும்பில் கீறல் முறிவு (முழுதாக ஒடியாமல் விரிசல் விட்டது) இருந்தது. அது சேர்ந்துவிடும் என்றார்.

"எப்படிங்க ஆச்சு?"

"நாய் கவ்விருச்சுங்க."

அவர் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"பல்லு பட்ட எடமே இல்லீங்களே. இது நசுங்குன மாதிரி இருக்கு. உள்ளதச் சொல்லுங்க. மேல கனம் ஏதும் விழுந்திருந்தா வேற எங்க அடின்னு நான் பாக்கணும்."

செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தாள். மிளகுச் சாறு ஏறி வெடிப்பெல்லாம் கறுப்பாக இருந்தது.

"நான்தாங்க மிதிச்சேன்" என்றேன்.

பக்கத்தில் ஆட்டோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா திட்டவில்லை. மறுபடியும் விலா எலும்புகளைத் தொட்டுப் பார்த்து, நல்லவேளை ஒன்றுமில்லை என்றார். "அன்னிக்கே வந்திருந்தா விரலு போயிருக்காதுங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். வழியில் சோளக்காடு ஊரில் பஸ் நின்றது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது செல்வி கேட்டாள்.

"மணி என்னங்க பண்ணுச்சு உங்கள?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வைத்தியம். மெல்லிய சிம்பு (எலும்பு அசையாமல் தாங்கும் குச்சி), பஞ்சு, ஒட்டுத்துணி (பிளாஸ்திரி) போதும். கட்டுக்குக் கீழே உள்ள விரல்களை ஒரு நாளைக்குப் பலமுறை தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நல்லது. சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பெட்டியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் வழுக்கும். சொரசொரப்பான சாக்குத் துணி போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் பல்பு வெப்பம் படட்டும், வேண்டாமென்றால் குஞ்சு விலகிக்கொள்ளும். தனிக் குஞ்சு ஏங்கிப்போய்த் தீனி எடுக்காது. செல்வி தலை சீவும் கண்ணாடியைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தாள். அதில் தெரிந்த குஞ்சோடு சேர்ந்து இதுவும் கொத்தித் தின்றது.

கட்டு மாற்றும் வேலையை அவள் தொடவே இல்லை. "நீங்களே பண்ணுங்க" என்றாள். அந்தக் குஞ்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிக் கண்ணை மூடிக்கொள்ளும். மிதித்தவன் கை என்று அதற்குத் தெரியவில்லை. தெரிந்து கொத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கறுத்த விரல்கள் இரண்டும் எட்டாம் நாள் சாக்கில் உதிர்ந்து கிடந்தன. மிளகு மணி மாதிரியே இருந்தன.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா கட்டை எடுத்துவிட்டார். குஞ்சு காலை ஊன்றியது, விழுந்தது, மறுபடியும் ஊன்றியது. செல்வி அழுதாள். நான் அன்றே மச்சான் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

"என்ன மாப்ள, அதுக்குள்ள நாயத் தேடி வந்துட்டீங்க?"

மிதித்தது நான்தான் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. பாதியிலேயே மணி சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து என் காலை நக்கத் தொடங்கியது, அதே காலை. மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து சங்கிலியைப் பிடித்து அதை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. மறுபடியும் தை, மறுபடியும் மிளகு. செல்வி தேறிவிட்டாள், என்னோடு தார்ப்பாயில் ஏறி மிதிக்கிறாள். பழைய வேகம் எனக்கு இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கதிரைப் பாதத்தால் தடவிப் பார்க்கிறேன். முன்பு அரை நாளில் முடிந்த குவியல் இப்போது சாயங்காலம்வரை இழுக்கிறது. "இப்படி மிதிச்சா அடுத்த தைக்குத்தான் முடியும்" என்று அவள் சிரிக்கிறாள். அவள் சிரிக்கத் தொடங்கியதே போன மாதத்திலிருந்துதான்.

நேற்று அந்தக் கோழி விந்திக்கொண்டு தார்ப்பாய்க்குள் வந்தது. அடுத்த அடிக்கு நான் காலைத் தூக்கியிருந்தேன். அது தூக்கிய காலுக்கு அடியிலேயே நின்று நிதானமாகப் பூச்சி பொறுக்கியது. விரட்ட எனக்கு வாய் வரவில்லை. செல்வியும் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தொடை நடுங்கியது, வெடிப்பு எரிந்தது. அது தானாக விலகிப் போகும்வரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.