ஏழாவது காகிதம்

தெருநாய் வாலைக் குழைத்தாலே மனம் இளகிப்போகும் அவளுக்கு வாய்த்த வேலையோ, உயிர்களைப் பட்டினி போடுவது. ஆய்வகத்தில் ஈஸ்ட்டுக்குத் தீனிக் கரைசல் காய்ச்சுகிறவள் என்பதால் சமையல்காரம்மா என்று பெயர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கச் சொல்லும் கடிதம் பேராசிரியரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அந்த வாரம் ஆராய்ச்சி மாணவிக்காக இரண்டு புட்டி பட்டினிக் கரைசல் செய்தாள். அதில் நைட்ரஜன் துளியும் இருக்கக் கூடாது. அது கிடைக்காத ஈஸ்ட், தன் உட்கருவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, செரிமானப் பைக்குள் தள்ளிக் கரைத்து, உயிரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு புட்டியில் சாதாரண ஈஸ்ட் அப்படித்தான் செய்தது. மற்றதில் இருந்த, மாணவி உருவாக்கிய புது ரகம் கிள்ளவே இல்லை! உட்கரு முத்துப்போல முழுசாக இருந்தது.

"உலகத்துலயே முதல் தடவை!" பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

சமையல்காரம்மா மட்டும் தன் மேஜைக்குப் போய்க் காகிதங்களை எண்ணினாள். பொடிகளை எடைபோட்ட காகிதங்களை ஆணியில் குத்தி வைப்பது அவள் வழக்கம். புட்டிக்கு மூன்று பொடி; மொத்தம் ஆறு காகிதம். ஆணியில் ஏழு இருந்தன. தங்கையோடு போனில் பேசிக்கொண்டே, கைப்பழக்கத்தில் ஒரு புட்டியில் நைட்ரஜன் உப்பையும் போட்டிருக்கிறாள்!

வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம். திறந்தால்? கடவுளே, எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சோதனை வரக் கூடாது.

திறந்தாள்.

"பாவம் பாத்து தீனி போட்டுட்டீங்களாக்கா?" மாணவிக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கை தவறிடுச்சு கண்ணு."

பேராசிரியர் கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளினார். "மறுபடி செய்ங்க. அப்புறம் பாக்கலாம்."

இந்த முறை மூச்சைக்கூட அளந்து விட்டாள். தன் குற்றத்தைத் தானே நிரூபிக்க இவ்வளவு பொறுப்பாக உழைத்தவள் எவளும் இருக்க மாட்டாள். மூன்று நாளும் ஒரே வேண்டுதல்: 'புது ரகமே, நீ நெசமாவே கிள்ளாம இருந்துடு!'

நான்காம் நாள் நுண்ணோக்கியிலிருந்து மாணவி தலையைத் தூக்கினாள். "புது ரகமும் தன்னையே நல்லா கிள்ளித் தின்னுருக்குக்கா" என்று விம்மினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சார்...?"

"நீங்க சொல்லலன்னா அந்தத் தப்பான முடிவ ஊருக்கெல்லாம் அனுப்பிருப்பேன். எவனோ திரும்பச் செஞ்சு பாத்து என் மானத்த வாங்கிருப்பான்."

"அப்புறம் ஏன் சார் முகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அதுக்காக சந்தோஷப்பட முடியுமாம்மா?"