கழுவிய தரை

அம்மா குழம்புக்கு மஞ்சள் அரைத்தபடி நான் வாசித்த துப்பறியும் நாவலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கதையில், மலை விடுதி ஒன்றில் ஒரு கொலை. கடைசிப் பக்கத்தில் தரையைக் கழுவியவனே கொலைகாரன் என்ற வரி கண்ணில் பட்டதும், அதை வாசிக்காமல் புத்தகத்தை மூடினேன். மஞ்சள் வாசம் மட்டும் மூக்கில் ஏறியது.

சின்ன வயதில் நாங்கள் கொடைக்கானல் பங்களா ஒன்றில் இருந்தோம். அப்பா அங்கே காவல்காரர். சீசனுக்கு வந்த ஒரு பெண் தலையில் அடிபட்டு இறந்தாள். கணவர் உடலைக் காரில் ஏற்றிப் போனதும், அப்பா மஞ்சள்தண்ணீர் கரைத்து அறையைக் கழுவினார்.

"எதை மறைக்கடா கழுவுன?" என்றார் போலீஸ்காரர்.

"எழவு விழுந்த வீட்டக் கழுவாம எப்படிங்கய்யா விடுறது?"

அப்பா சிறையிலேயே இறந்தார்.

அம்மா அம்மியை நிறுத்தினாள். "யாருத்தா கொன்னது?"

"கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கும்மா."