மிளா படுக்கும் வாசல்

2003 அக்டோபர், காலை 6.10. நகரத்துத் தம்பானூரிலிருந்து புறப்பட்ட வித்துரா பஸ், நெடுமங்காடு வளைவில் ஒருமுறை ஹாரன் அடித்தது. அடித்தொண்டையிலிருந்து உடைந்து வந்த சத்தம். மிளா என்கிற அந்தப் பெரிய மான் மிரண்டால் அப்படித்தான் கத்தும். சிறுவயதில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அக்காவின் முதுகோடு ஒட்டிப் படுத்துக் கேட்டது. கண்டக்டர் இரண்டாம் முறை கேட்ட பிறகே பதினாறு ரூபாயைத் தேடினேன்.

அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்பது வருடமாக நான் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. அத்தான் செத்ததற்கும் போகவில்லை.

7.50, வித்துரா. போனக்காடு சாலையில் பிரிந்து போனால் எங்கள் சிறிய எஸ்டேட். ஜீப்புக்குப் போகவர நானூறு. வேலை நின்று மூன்று வருடம், எல்லாரும் மலையிறங்கிவிட்டார்கள் என்றார் டிரைவர். "இப்போ அங்கே சூப்பர்வைசர் காட்டுபோத்தாக்கும் அண்ணாச்சி. கறக்டா டியூட்டிக்கு வரும்." காட்டெருமையைச் சொல்லி அவர் மட்டும் சிரித்தார்.

கவாத்து செய்யாத தேயிலை மரமாகி நின்றது. இடுப்புயரம் அதன் இயல்பு என்றல்லவா நினைத்திருந்தேன். அது கத்தி கொடுத்த உயரம்.

9.40. இருபது வீட்டு லயத்தில் ஒரு வீட்டில்தான் புகை. அக்கா தங்கபுஷ்பம் இருமிக்கொண்டே பாலில்லாத கட்டன்சாயா தந்தாள். ஸ்ரீவராகத்தில் என் வீட்டு மாடியறை காலி, இன்றே வா என்றேன். பையைக் கட்டித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் மூன்று மணி ஆகட்டும் என்று இழுத்தாள்.

மூன்று மணிக்கு மலையிலிருந்து பனிமஞ்சு இறங்கியது. கூடவே ஒரு பெட்டை மிளா, குட்டியோடு. வாசலில் அடுக்களைச் சுவரை ஒட்டி, நாங்கள் இருப்பதைப் பொருட்படுத்தாமல் படுத்தது. தன்மேல் அதற்குப் பிரியம், போய்விட்டால் தேடும் என்றாள் அக்கா.

அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரியமில்லை அக்கா, செந்நாய்ப் பயம். ஆளரவம் உள்ள இடத்துக்குச் செந்நாய் வராது. மனிதரை ஒட்டிக் குட்டி போட்ட மிளாக்களின் குட்டிகள் பிழைத்தன; தாய் படுத்த இடத்தில் அவையும் வந்து படுத்தன. உன் அடுப்புப் புகையும் இருமலும் அதற்கு வேலி, அவ்வளவுதான். படித்ததைச் சொல்லும் சுகம் என் குரலில் இருந்தது.

அவள் குட்டியைப் பார்த்தாள்.

"அப்போ நான் எறங்கிட்டா, செந்நாய் இந்த வாசல் வரைக்கும் வருமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வரும் என்றேன்.

அக்கா பையை அவிழ்த்தாள். இரண்டு புடவைகளையும் கொடியில் போட்டாள். ஒரு மிளாவுக்காகவா என்று கத்தினேன். குட்டி தலையைத் தூக்கியது, தாய் அசையவில்லை. மனிதச் சத்தம் அதற்குத் தாலாட்டு.

4.30. டிரைவர் ஜீப்பைத் திருப்பி நிறுத்திக்கொண்டு கூப்பிட்டார். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் என் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன; எந்த வீட்டு இருமலும் எவருக்கும் வேலி இல்லை. அக்கா ஜீப் வரை வந்தாள். கதவைச் சாத்தும்போதுதான் சொன்னாள்.

"பயந்துதான் வருதுன்னு சொன்னே. செரி, வருதில்லா? நீ அதுக்குக்கூட வரல்லியேடா, தம்பி."