கருங்காலியின் ரத்தம்

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில், பள்ளிச் சமையலறையில் என்னோடு இருபது வருடம் உருளைக்கிழங்கு உரித்தவள் எலுனெட். வாய் நீளம், கை சுத்தம். அவள் அம்மா கைகால் தானாக ஆடும் நோயில் செத்தாள். தள்ளாடி நடந்ததைப் பார்த்துத் தெரு அவளைக் குடிகாரி என்றது. பெற்றவரிடமிருந்து பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரும் நோய் அது.

"எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாம புள்ள பெத்துக்க மாட்டேன்" என்று எலுனெட் ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்போது அந்த நோயின் மரபணுவை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம்தான் தெரியும். ஒரே சரத்தில் அடுத்தடுத்து இருக்கும் மணிகள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். இவள் குடும்பத்தில் எந்த அடையாளத்தோடு நோய் வருகிறது என்று பார்க்க, நோய் வந்த சொந்தக்காரரின் ரத்தம் வேண்டும். உயிரோடு இருந்தவர் தாய்மாமா மெய்ரியன் ஒருவர்தான்.

அவர் கருங்காலி. சுரங்க வேலைநிறுத்தத்தில் நாங்கள் பட்டினி கிடந்தபோது போலீஸ் காவலோடு வேலைக்குப் போனவர். மூன்று வருடமாகியும் தெருவில் யாரும் அவர் முகத்தில் விழிப்பதில்லை. எலுனெட்டும்தான்.

"ரத்தம் கேக்க மட்டும் மாமா வேணுமாடி?" என்றாராம்.

"ஆமா. நீங்க செத்தப்புறம் கேக்க முடியாதே."

சிரித்துவிட்டாராம். "தர்றேன். ஞாயித்துக்கிழமை என் கையப் பிடிச்சுக்கிட்டு தெருவோட சர்ச்சுக்கு வரணும்."

போனாள். மறுநாள் சமையலறையில் என்னைத் தவிர யாரும் அவளுக்கு டீ ஊற்றவில்லை.

"உங்களுக்கு இல்லைன்னே சொல்லலாம்" என்றாள் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா. "ஆனா சில சமயம் பெத்தவங்ககிட்ட இருக்கற ரெண்டு சரமும் அறுந்து, துண்டு மாறி ஒட்டிக்கும். அடையாளம் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம் போயிடும். நூத்துல நாலு பேருக்கு இந்தக் கணக்குத் தப்பலாம்."

அந்த நாலு பேர் யார் காதில் விழுந்தார்கள்? நெரிஸ் பிறந்தாள்.

நெரிஸுக்குப் பத்தொன்பது வயதானபோது எலுனெட்டின் கையிலிருந்து தட்டுகள் விழ ஆரம்பித்தன. இப்போதெல்லாம் மரபணுவையே பார்த்துவிடுகிறார்கள். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். பார்த்தார்கள். இருந்தது. எலுனெட் கருவாகும் முன்பே, அவள் அம்மாவிடமே சரம் மாறியிருக்கிறது.

"அம்மா மாதிரியே குடிக்கிறா" என்றது தெரு. அந்த நாக்கெல்லாம் அழுகிப்போக!

முடிவு வந்த அன்று அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன்.

"நீயும் ஒருதடவ பாத்துக்கோடி" என்றாள் எலுனெட் மகளிடம்.

"தெரிஞ்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணின?"

எலுனெட்டின் வலது கை மேசைமேல் ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தாள்.

"உன்னப் பெத்தேன்."